ஏழைங்க ஏரியான்னாலே குற்றம்தானா?

கேள்வி: சிட்டில வறுமை அதிகமா இருக்கிற ஏரியாலதான் திருட்டு, அடிதடி எல்லாம் அதிகம்னு சொல்றாங்களே, அப்போ ஏழ்மைதான் குற்றத்துக்குக் காரணம்னு சொல்லிடலாமா?

பதில்: அப்படி ஒரே வரில சொல்லிட முடியாதுங்க. அந்த ஏரியால கேஸ் அதிகமா பதிவாகுதுன்றது நெஜம்தான், ஆனா அங்க இருக்கிற பெரும்பாலான ஜனங்க ஒரு வம்புதும்புக்கும் போகாம வேலைக்குப் போயிட்டு வர்றவங்க, பறிகொடுக்கறதும் அடிபடறதும் அதிகமா அவங்கதான், ஆனா அவங்களப் பத்தி யாருமே பேசறதில்ல, அதுதான் எனக்கு ரொம்ப கோவம். கையில காசு இல்லாததுதான் காரணம்னா 2008ல அமெரிக்கால பொருளாதாரம் படுத்து லட்சக்கணக்கான பேருக்கு வேலை போனப்போ குற்றம் எகிறியிருக்கணும், ஆனா 2009ல குறைஞ்சுதான் போச்சு.

கஷ்டம் எல்லாம் ஒரே இடத்துல வந்து குவியறதுலதான் விஷயமே இருக்கு. சிகாகோல கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கேன்னு ரெண்டு ஆய்வாளருங்க கோர்ட்டுக்கு வந்த சின்னப் பசங்களோட வீடு எங்க இருக்குன்னு வருஷக்கணக்கா மேப்ல குறிச்சு பாத்து 1942ல எழுதினாங்க, கேஸ் அதிகமா இருந்த ஏரியாவுக்குக் குடிவந்த ஜனங்க ஒரு நாட்டுக்காரங்க போய் இன்னொரு நாட்டுக்காரங்கன்னு மாறிட்டே இருந்தாலும் குற்றம் மட்டும் அதே ஏரியாலதான் இருந்துச்சு. அதாவது இனத்துலயோ ரத்தத்துலயோ இல்ல. வாடகை கட்ட முடியாம அடிக்கடி வீடு மாறுறாங்க, அப்பா அம்மா ரெண்டு பேரும் ஷிஃப்ட்டுக்குப் போயிடறாங்க, யார் புள்ள யாருன்னே தெருவுல தெரியல, அப்புறம் யாரு யாரக் கண்டிக்கறது சொல்லுங்க? அதே சிகாகோல ராபர்ட் சாம்ப்சன்னு ஒரு சமூகவியல் ஆய்வாளரோட குழு வீடு வீடா போயி, ஸ்கூலுக்குக் கட் அடிச்சிட்டு பசங்க தெருமுனைல நின்னா அக்கம்பக்கத்துல யாராவது கேப்பாங்களான்னு விசாரிச்சாங்க. 1997ல வந்த அந்த ஆய்வுப்படி வறுமை ஒரே அளவு இருந்தாலும் அப்படிக் கேக்கற ஆளுங்க இருக்கிற ஏரியால வன்முறை கம்மி.

கேள்வி: அப்போ போலீஸ அதிகமா போட்டா குறைஞ்சிடாதா?

பதில்: போலீஸ் வேணும்தான், பிரச்சன அதிகமான இடத்துல ரோந்து போனா குறையவும் செய்யுது. ஆனா 2012ல சிகாகோல வன்முறை அதிகமான ஏரியா ஸ்கூல் பசங்கள்ல கொஞ்சம் பேர குலுக்கல்ல எடுத்து லீவுல வெறும் 8 வாரம் சம்பளத்தோட பார்ட் டைம் வேலை குடுத்தாங்க, அடுத்த 16 மாசத்துல வன்முறை கேஸ்ல அவங்க கைதானது வேலை கிடைக்காத பசங்கள விட 43 சதவீதம் கம்மி! திருட்டு கேஸ்ல பெருசா வித்தியாசம் இல்ல, அதையும் சொல்லிடணும். அமெரிக்கால பிலடெல்பியான்ற சிட்டில குப்பை கொட்டிக் கெடந்த காலி மனைங்கள சுத்தம் பண்ணி புல்லு போட்டு குட்டையா ஒரு மர வேலி வச்சாங்க, அவ்ளோதான், ரொம்ப வறுமையான ஏரியாங்கள்ல துப்பாக்கிச் சூடு 29 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2018ல ஆய்வு வந்துச்சு.

கேள்வி: ஒரு தடவ கேஸ்ல மாட்டின பையன் திருந்தவே மாட்டானா?

பதில்: ஏன் திருந்தமாட்டான்? பெரும்பாலான பசங்க வயசு ஏற ஏற தானா விட்டுடறாங்க, இருபதத் தாண்டினா குறைய ஆரம்பிக்குது. பழைய கேஸக் காட்டி வேலை தரமாட்டேன்னு தொரத்துறதுதான் அவன திரும்ப அதே கூட்டத்துல கொண்டு போய் விடுது, உங்களால முடிஞ்சா ஒரு வேலை போட்டுக் குடுங்க.