ஃபோர் வீலுக்கு நாலு சில்லும் ஒரே அளவா? கேள்வி பதில்

டயர் அளவு மாறினால் ஃபோர் வீல் வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. விலை விசாரணைக்கு டயர் கடைதான் சரியான இடம்.

தெஹிவளை: அண்ணா, என்ர டபுள் கெப்புக்கு நாலும் 265/65 ஆர்17. பாரம் ஏத்துறதால பின்னுக்கு மட்டும் 265/70 ஆர்17 போடவா? அகலம் ஒண்டுதானே?

அகலம் ஒன்றுதான் தம்பி, உயரம் ஒன்றல்ல. 65, 70 என்பது பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. உங்கள் பழைய டயரின் விட்டம் 776 மில்லிமீட்டர், புதியதற்கு 803. ஒரு கிலோமீட்டர் ஓட முன் சில்லு 410 தரம் சுற்றும், பின் சில்லு 397 தரம்கூடச் சுற்றாது.

2எச்சில், அதாவது பின் சில்லுக்கு மட்டும் இழுவை போகும்போது, முன் சில்லு தன்பாட்டில் சுற்றும், பிரச்சினை இல்லை. நாலு சில்லுக்கும் இழுவை தரும் 4எச் போட்டதும், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். நடுவில் டிஃபரென்ஷல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்த் தொகுதி) இல்லாத கெப்பில் அந்த 13 சுற்று வித்தியாசம் போக வழியில்லை. சேற்றில் சில்லு வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது, முறுக்கம் முழுக்க ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். 4எச் கழராமல் இறுகிப்போவது இதனால்தான்.

நாலும் ஒரே அளவாக இருந்தாலும் காய்ந்த தார் ரோட்டில் 4எச் போடாதீங்க. வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிடக் கூடத் தூரம் போகும்.

வெள்ளவத்தை: சுபாருவில் ஒரு டயர் வெட்டுப்பட்டுவிட்டது. மற்ற மூன்றும் பாதி தேய்வு. ஒன்று மட்டும் புதிதாக வாங்கலாமா?

வேண்டாம் அக்கா. உங்கள் வாகனத்தில் நாலு சில்லுக்கும் எப்போதும் இழுவை போகிறது, 2எச் என்று ஒன்று இல்லை. நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குல வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது சுபாரு. டயர் பூவின், அதாவது ரோட்டில் படும் வெட்டுகளின், ஆழத்தில் அது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் பூவில் பாதி தேய்ந்திருந்தால் சுற்றளவு 25 மில்லிமீட்டர் குறைந்திருக்கும், எல்லையைப் போல நாலு மடங்கு. நடுவிலுள்ள கிளட்ச் நேர் ரோட்டிலும் ஓயாமல் வழுக்கிச் சூடேறும்.

பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் அதே கம்பெனி, அதே மாடல், அதே தேய்வில் பழைய டயர் ஒன்று தேடிப் பாருங்கள். ஆழம் பார்க்கும் கேஜைக் கையோடு கொண்டுபோங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. கிடைக்காவிட்டால் நாலும் புதிது.

வத்தளை: ஆல் வீல் ஹோண்டா வெசலுக்கு முன்னுக்கு இரண்டு மட்டும் மாற்றலாமா?

வெள்ளவத்தைக்குச் சொன்னதேதான்.

கிளிநொச்சி: எங்கட ஃபோர் வீல் டிராக்டருக்கு முன் சில்லு சின்னன், பின் சில்லு பெரிசு. அது உடையாமல்தானே உழுகுது?

நல்ல கேள்வி. டிராக்டரின் முன் ஆக்சிலுக்கு வேறு கியர் விகிதம். சின்னச் சில்லு கூடத் தரம் சுற்றும்படியே அதைச் செய்கிறார்கள். அதுவும் முன் சில்லு 1 முதல் 5 சதவீதம் முந்தி இழுக்கும்படி. அந்தக் கணக்கு குறிப்பிட்ட டயர் சோடிக்குத்தான். முன்னுக்கு வேறு அளவு போட்டால் அங்கேயும் கெடும். தார் ரோட்டில் முன் இழுவையை நிறுத்தித்தான் ஓட வேண்டும்.

கிளிநொச்சி: அப்ப ஹைலக்ஸ் கெப்புக்கும் முன்னுக்குச் சின்னன் போட்டா முந்தி இழுக்கும்தானே?

இழுக்காது. ஹைலக்ஸின் முன் டிஃபரென்ஷலும் பின் டிஃபரென்ஷலும் ஒரே விகிதம். சின்னச் சில்லு கூடச் சுற்ற வேண்டும், ஷாஃப்ட் அதை விடாது. அதனால் பின்னுக்கு இழுபடும்.

ஹட்டன்: தோட்டத்து ஜீப்பில் வருஷக்கணக்காக இரண்டு அளவு ஓடுறம், ஒண்டும் ஆகேல்ல.

கிறவலிலும் சேற்றிலும் ஓடுவதால் தப்புகிறது. அதே ஜீப்பைக் கொழும்புக்கு இறக்கும்போது 2எச்சுக்கு மாற்றுகிறீர்களா? அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தார் ரோட்டில் 4எச் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை: இரண்டு டயர் மட்டும் புதிது போட்டால்...

மேலே வாசியுங்கள்.

மட்டக்குளி: கெப்பின் ஸ்பெயார் சில்லு சின்னன். பின் டயர் பஞ்சர் ஆனால்?

முன் சில்லொன்றைக் கழற்றிப் பின்னுக்குப் போடுங்கள், சின்னதை முன்னுக்கு. பின் டிஃபரென்ஷல் தப்பும். 2எச்சில், மெதுவாக, பக்கத்து டயர் கடை வரை.