வீடு சுற்றுகிறது, குற்றவாளி காதா?

கேள்வி: எனக்கு 52 வயது. கட்டிலில் வலப்பக்கம் புரண்டால் வீடே சுற்றுகிறது, சத்தியும் வரப்பார்க்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடும். பிரஷர், சீனி எல்லாம் சரி. டொக்டர் காதில்தான் பிரச்சினை என்கிறார். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறதே!
– வாசகி, நெல்லியடி

பதில்: கேட்கிற பகுதியும் சமநிலை பார்க்கிற பகுதியும் உட்காதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் ஒன்றில் கோளாறு வந்தால் மற்றதிலும் வரவேண்டும் என்றில்லை.

ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் கால்வாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் கொஞ்சம் பின்தங்கி அங்குள்ள மெல்லிய ஜெலித் தடுப்பைத் தள்ளும், அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர்க்கலங்களின் நுண்மயிர்கள் சாயும், உடனே நரம்பில் செய்தி போகும். பக்கத்தில் இரண்டு சின்னப் பைகள் உண்டு. புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று சொல்வது அவைதான், அதற்காகக் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகளை வைத்திருக்கின்றன. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பளிங்குகளில் சில கழன்று கால்வாய்க்குள் போயிருக்கக்கூடும். நீங்கள் புரண்டு படுத்து அசையாமல் கிடந்தாலும் உள்ளே அவை உருண்டு திரவத்தை இழுக்கும், வலக்காது "இன்னும் சுற்றுகிறோம்" என்னும், இடக்காது "இல்லையே" என்னும்.

இந்தச் சண்டை போய்ச் சேருவது மூளைத்தண்டுக்கு. அங்கிருந்து சிறுமூளைக்கும், கண் தசைகளை ஆட்டும் நரம்புகளுக்கும், முதுகெலும்பு வழியாகக் கால் தசைகளுக்கும், வாந்தியைத் தூண்டும் இடத்துக்கும் தொடர்பு உண்டு. அதனால்தான் கண் துடிக்கிறது, கால் தள்ளாடுகிறது, சத்தி வருகிறது. நாங்கள் பித்தம் என்று தேசிக்காய்த் தண்ணி குடிப்போம், பாவம் பித்தம்!

கண்ணுக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை இப்போதே பார்க்கலாம் (சுற்றுகிற நேரத்தில் வேண்டாம்). இந்தப் பக்கத்தை அசையாமல் பிடித்துத் தலையை இடம் வலமாக ஆட்டுங்கள், வாசிக்க முடியும். தலையை நிறுத்திப் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டினால் எழுத்து கலங்கிவிடும். தலை ஆடினால் காது சொல்லிக் கண் எதிர்ப்பக்கம் திரும்பும், அதற்கு நொடியில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

குளிசை பளிங்கை வெளியே எடுக்காது, சத்தியைக் குறைக்கும், அவ்வளவுதான். தலையைப் படிப்படியாகத் திருப்பிப் பளிங்கைப் பழைய பைக்குள் விழுத்தும் முறையை அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி 1992இல் விரிவாக எழுதினார். சில நிமிட வேலை. காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் கேளுங்கள், எந்தக் கால்வாய் என்று தெரியாமல் வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். ஒன்று மட்டும் கவனம்: சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, எல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் போனாலோ அது மூளைப் பக்கமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: நெடுந்தீவுப் படகில் கீழே இருந்தால் சத்தி வருகிறது, மேலே இருந்தால் இல்லை. ஏன்?
– வாசகர், புங்குடுதீவு

பதில்: கீழே கண்ணுக்குத் தெரிவது அசையாத பலகை, காதுக்குத் தெரிவதோ அலை. மூளைக்கு அது ஒத்துவராது. மேலே வந்தால் அடிவானம் தெரியும், இரண்டும் ஒரே கதையைச் சொல்லும். இரண்டு காதிலும் சமநிலை உறுப்பு முற்றாகச் செயலிழந்தவர்களுக்குக் கடல்சத்தி வருவதே இல்லை. குளிசை போடுவதென்றால் படகேறும் குறிகாட்டுவான் துறைக்கு வரமுன்னமே போடுங்கள், படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்துதான் வெளியே வரும்.