கொடியில் காயட்டும்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நான், கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், ஏழு மாதக் கைக்குழந்தை, மாமி என்று எங்கள் வீட்டில் ஐந்து பேர். மாதச் சாமான் வாங்கப் போனால் பாம்பஸ், நப்கின், வைப்ஸ், பஞ்சு என்று இதுகளுக்கே பெரிய தொகை போகிறது. பாவித்ததை வளவின் பின்மூலையில் போட்டு எரிக்கிறோம். அந்தப் புகை மணம் வயிற்றைப் பிரட்டுகிறது. எனக்குத் தையல் தெரியும், மெசினும் இருக்கிறது. எல்லாவற்றையும் துணியில் தைத்துப் பாவிக்கலாம் என்று சொன்னேன். மகள், "சீ, நான் மாட்டன்" என்கிறாள். மாமியோ, "தைக்கிறதெண்டால் தை. ஆனா அதுகளைக் கொடியில போட்டு ஊருக்குக் காட்டாத. வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள எங்கையாவது விரிச்சு விடு" என்கிறார். துணி உண்மையில் சுத்தமானதுதானா? நோய் வராதா? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. எப்படித் தோய்ப்பது, என்ன துணியில் தைப்பது?

பெயர் வேண்டாம், கோண்டாவில்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் மாமி சொன்னதில் இருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட மற்றக் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தக் கொடியோடுதான் தொடுபட்டிருக்கின்றன.

துணியால் நோய் வருமா என்றால், காயாத துணியால் வரும். நன்றாகத் தோய்த்து, நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த பருத்தித் துணியால் வராது. எங்கள் அம்மாமாரும் அம்மம்மாமாரும் துணிதான் பாவித்தார்கள். அவர்களில் பலர் அரிப்பு, புண், வெள்ளைபடுதல் என்று வெளியில் சொல்லாமல் அனுபவித்த கதைகளும் உண்டு. அந்தக் கதைகளைக் கேட்டுப் பார்த்தால், துணியைக் கக்கூசுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டில் கூரை இறப்புக்குள், பாயின் கீழ், மற்ற உடுப்புக்கு அடியில் ஒளித்துக் காயவைத்ததுதான் அதிகம் இருக்கும். அரை ஈரத்தில் இருக்கும் துணியில் பூஞ்சணமும் கிருமியும் தங்கும். அதையே மடித்துத் திரும்பவும் வைத்தால் உடம்பு என்ன செய்யும்? ஆகவே கோடிக்குள் ஒளித்துக் காயப்போடத்தான் வேண்டும் என்றால், தைக்கவே வேண்டாம், கடை நப்கினே உங்களுக்குப் பாதுகாப்பு. இதை மாமியிடம் இப்படியே சொல்லுங்கள். அவர் உங்களைக் கட்டுப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார். வெட்கத்துக்காக அந்தத் தலைமுறைப் பெண்கள் பட்டது போதும்.

தைத்து முடித்த துணி பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு கைலேஞ்சி மாதிரித்தான் தெரியும். சாரத்துக்கும் துவாய்க்கும் நடுவில் கிடந்தால் வேலிக்கு அங்கால் இருப்பவருக்கு வித்தியாசம் விளங்காது. மாமிக்கு அதுவும் மனம் ஒப்பவில்லை என்றால், மெல்லிய நூல் துணி ஒன்றை மேலே ஒற்றையாக விரித்து விடலாம். வெயில் ஊடுருவும், காற்றும் போகும். இதற்கு மேல் விட்டுக் கொடுக்காதீர்கள்.

இனித் துணி. கடைக்குப் போகுமுன் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பலதரம் தோய்த்துத் தோய்த்து மெலிந்த பருத்திச் சாரம், பழைய வேட்டி, நூல் சேலை, பிளனல் துணி, இவைதான் முதல் தரம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், தண்ணீரை உடனே குடிக்காது. புதிது வாங்கினால் வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று தரம் சுடுதண்ணீரில் தோய்த்துக் காயவையுங்கள். சுருங்குவதும் அப்போதே சுருங்கி முடியும். இன்றைக்குப் பருத்தி என்று விற்கும் பல துணிகளில் பொலியெஸ்டர் கலப்பு இருக்கிறது. ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி கடுதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாய் உதிரும். பொலியெஸ்டர் உருகி, கையால் நசிக்க முடியாத கறுத்த மணியாய்த் திரளும். இன்னொரு சோதனை, துணியில் ஒரு துளி தண்ணீர் விடுவது. உடனே உள்ளே போனால் நல்லது, முத்தாக நின்றால் வேண்டாம்.

நப்கினைத் தடிப்பாக ஒரே துண்டாகத் தைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. நான் அதைச் சொல்ல மாட்டேன். ஏழு எட்டு மடிப்பு ஒன்றாகத் தைத்தால் வெளிப்பக்கம் காய்ந்தும் நடுவில் ஈரம் நிற்கும். மாரி காலத்தில் இரண்டு நாளானாலும் காயாது. இரண்டாகப் பிரித்துத் தையுங்கள். ஒன்று, உள்ளாடையோடு பொருந்தும் மெல்லிய அடித்துணி. இரண்டு மடிப்பு, பத்து அங்குல நீளம், நடுவில் மூன்று அங்குல அகலம், இரு பக்கமும் செட்டை, செட்டை நுனியில் அமத்துப் பொத்தான். மேற்பக்கத்தில், முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாகக் குறுக்கே இரண்டு பட்டி. மற்றது, பத்து அங்குலச் சதுரத் துணி. ஓரம் மட்டும் மடித்துத் தைத்தது. அதை நாலாக நீளவாக்கில் மடித்து அந்தப் பட்டிகளுக்குள் செருகினால் சரி. கூடப் போகிற நாளில் இரண்டு சதுரம் வையுங்கள். இரவுக்கு எல்லாவற்றையும் பதின்மூன்று அங்குல நீளத்தில் வெட்டுங்கள். தோய்க்கும்போது சதுரத்தை விரித்தால் ஒற்றைத் துணி. அழுக்கும் போகும், ஒரு நல்ல வெயிலில் மத்தியானத்துக்குள் காய்ந்தும் விடும். ஒருவருக்கு ஆறு அடித்துணி, பதினைந்து சதுரம் இருந்தால் போதும். மகளுக்கு வேறு, உங்களுக்கு வேறு. மூலையில் வெவ்வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டு விடுங்கள்.

கசியுமே என்று பயந்து சிலர் நடுவில் பொலித்தீன் அல்லது ரெக்சின் வைத்துத் தைக்கிறார்கள். எங்கள் வெக்கைக்கு அது ஆகாது. வேர்த்து அவிந்து தோல் சிவந்து போகும். நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒரு தரம் மாற்றினால் அந்தத் தடுப்பே தேவைப்படாது.

தோய்ப்பதற்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து ஊறும் தண்ணீர். அந்தச் சுண்ணாம்பு சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைப் படையாகத் துணியில் ஒட்டும். நாலைந்து தரம் தோய்த்ததும் துணி விறைத்துப் போவதும், தண்ணீர் குடிக்க மறுப்பதும் அதனால்தான். கட்டிச் சவர்க்காரத்தைவிடத் தூள் இந்தத் தண்ணீரில் நன்றாக வேலை செய்யும். கொஞ்சமாகப் போடுங்கள். மாரியில் கூரைப் பீலித் தண்ணீரை மூடியுள்ள பரலில் பிடித்து வைத்தீர்கள் என்றால், கடைசி அலசலுக்கு அதைப்போல ஒன்றில்லை. மணத்துக்குப் போடும் துணி மென்மையாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம். அது நூலின் மேல் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைத்து விடும்.

இரத்தம் பட்ட துணிக்கு முதல் தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும். சுடுதண்ணீர் முதலில் பட்டால் கறை இறுகிப் போகும். கழற்றியதும் அலசி, தூள் கரைத்த வாளியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, கசக்கி, தண்ணீர் தெளிவாக வரும் வரைக்கும் அலசுங்கள். வாளிக்கு மூடி கட்டாயம். ஊறவைத்த வாளியை மறந்து விட்டால் நுளம்பு வந்து முட்டையிடும். மழை தொடங்கினால் எங்கள் பக்கத்தில் டெங்கு எப்படிப் பரவுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அலசிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். எங்கள் நிலத்தில் மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கீழே போய்ச் சேரும். கிணற்றுக்கு எட்டத்தில் உள்ள வாழையடிக்கு விடுங்கள். தேசிக்காய்ப் புளி பூசி வெயிலில் போட்டும் போகாத மங்கல் கறை ஒன்று நிற்கத்தான் செய்யும். அது அழுக்கு இல்லை, பயப்பட வேண்டாம்.

தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சவர்க்காரம் எட்டாத விலைக்குப் போனபோது, பனம்பழத்தைப் பிசைந்து அதன் களியில் உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள். வெள்ளையும் வரும்தான். ஆனால் அந்த மணம் துணியில் நிற்கும். கொடியில் போட்டதை மாடு வந்து சப்பும். சில வாசகிகள் இயற்கை என்று சொல்லி அதற்குத் திரும்பலாமா என்று கேட்டிருந்தார்கள். மற்ற உடுப்புக்குச் செய்து பாருங்கள். உடம்பின் மெல்லிய தோலில் படும் துணிக்கு வேண்டாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் வெயிலை நம்ப முடியாது. அந்த நாட்களில் விறாந்தையில் காற்றுப் படும் இடத்தில் கொடி கட்டி, ஈரம் முக்கால்வாசி போனதும் சூடான அயனால் அழுத்திக் காயவையுங்கள். தொட்டால் குளிர்கிற துணியை மடித்து வைக்காதீர்கள். அடைமழை என்றால் அந்த மாதம் கடையில் வாங்குங்கள், குற்றமில்லை.

குழந்தையின் பாம்பஸ்தான் உங்கள் செலவில் பெரும் பங்கு என்று நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்து என்றாலும் மாதம் 150. நப்கின் ஒருவருக்கு மாதம் இருபதுக்குள் அடங்கி விடும். ஆகவே முதலில் பகல் நேரப் பாம்பஸை நிற்பாட்டுங்கள். பழைய வேட்டியை முக்கோணமாக மடித்துக் கட்டும் நப்பி இரண்டு டசின் தேவைப்படும். மலத்தைக் கக்கூசுக்குள் கழுவி விட்டுத்தான் ஊறவைக்க வேண்டும். நப்பியை உங்கள் துணிகளோடு கலக்காதீர்கள். இரவுக்கு ஒரு பாம்பஸ் இருக்கட்டும், நீங்களும் நித்திரை கொள்ள வேண்டுமே. வயிற்றோட்டம், தோலில் பூஞ்சணப் புண் இருக்கும் நாட்களில் நப்பியைத் தோய்த்த பிறகு கொதிக்கும் தண்ணீரில் அவித்து எடுங்கள். புண் இரண்டு நாளில் ஆறாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வருபவர்தானே, துணி நப்பி பற்றியும் தயங்காமல் கேட்கலாம்.

வைப்ஸுக்குப் பதிலாக ஆறு அங்குலச் சாரத் துண்டுகளும் ஒரு போத்தல் தண்ணீரும். முகம் துடைக்கிற பஞ்சுக்கும் அப்படித்தான், மூன்று அங்குலத் துண்டு. கக்கூசுக்குக் கடுதாசி பாவிக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை, தண்ணீர்தான். கழுவிய பின் ஒற்றி எடுக்க ஆளுக்கொரு சிறு துண்டு தைத்து, பொதுத் துவாயில் இருந்து பிரித்து வையுங்கள்.

எரிப்பதை இன்றோடு நிற்பாட்டுங்கள். நப்கினிலும் பாம்பஸிலும் அடிப்பக்கம் பிளாஸ்ரிக், நடுவில் தண்ணீரைக் களியாக்கிப் பிடிக்கும் ஒரு செயற்கைத் தூள். வளவில் போட்டு எரித்தால் பாதி எரிந்து பாதி கருகி, அந்த நச்சுப் புகை குழந்தையின் மூக்குக்குத்தான் வருகிறது. கக்கூசுக்குள் போட்டாலோ அந்தக் களி ஊதிக் குழாயை அடைக்கும். மிச்சமிருப்பதைக் கடுதாசியில் சுற்றிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். அதுவும் கல்லுண்டாய் போன்ற ஒரு குப்பை மேட்டில்தான் போய்க் குவிகிறது, அங்கேயும் தீப்பிடிக்கிறது. ஆகையால் குறைப்பதுதான் வழி என்று நீங்கள் நினைத்தது சரி.

இந்த வேலை யார் தலையில் விழப் போகிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் வசதியான வீடுகளில் தீட்டுத் துணியைச் சலவைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களின் கையில் கொடுத்து விட்டு, அவர்களையே படலைக்கு வெளியில் நிறுத்தினோம். எங்கள் ஊர் அதற்கு இன்னும் வெட்கப்பட வேண்டும். இன்றைக்கு அந்தச் சுமை சத்தமில்லாமல் வீட்டில் ஒரு பெண்ணின் முதுகுக்கு மாறக்கூடாது. நப்பிகளை நாளாந்தம் நீங்கள் தனியே தோய்த்தால் ஒரு மாதத்தில் முதுகு பிடித்து, திரும்பப் பாம்பஸுக்கே போவீர்கள். தண்ணீர் அள்ளுவதும், நப்பி அலசுவதும், கொடியில் போடுவதும் கணவரின் வேலையாகட்டும். அவர் பிள்ளையின் நப்பிதானே. மாமிக்குக் கதிரையில் இருந்து மடிக்கிற வேலையைக் கொடுங்கள். கைபட்டால் அவருடைய கூச்சமும் மெல்லக் குறையும்.

மகளை வற்புறுத்த வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை, வகுப்பில் கசிந்து விடுமோ என்ற பயத்தோடு இருந்து படிக்க முடியாது. பள்ளிக்கூடக் கக்கூசில் தண்ணீரும் பூட்டும் ஒழுங்காக இருந்தால் ஒழிய, அங்கே துணி மாற்றுவதும் கஷ்டம். பள்ளிக்கூடத்துக்குக் கடை நப்கின், வீட்டில் சனி ஞாயிறும் இரவிலும் விரும்பினால் துணி. துணியின் நிறத்தையும் பூவையும் அவளே தெரிவு செய்யட்டும், ஒன்றை அவளே தைக்கட்டும். அப்போதும் "மாட்டன்" என்றால் விட்டு விடுங்கள். அது அவளுடைய உடம்பு.

துணியோ கடை நப்கினோ, அரிப்பு, கெட்ட மணத்தோடு வெள்ளைபடுதல், அடிவயிற்று நோவு, காய்ச்சல் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் வைத்தியரிடம் போங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களுக்கென்று நடக்கும் கிளினிக்கில் காசில்லாமல் பார்ப்பார்கள். அந்த நேரம் பாவித்த துணிகளை அவித்து எடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தொகுதியை எறிந்து விட்டுப் புதிதாய்த் தையுங்கள். அப்படி இல்லாவிட்டாலும் துணி மெலிந்து நூல் பிரியத் தொடங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் மாற்றப் போகாதீர்கள். இந்த வாரம் வைப்ஸையும் பஞ்சையும் விடுங்கள், அதற்குத் தையல்கூடத் தேவையில்லை, கத்தரிக்கோல் போதும். பிறகு பகல் நப்பி. உங்களுக்கான நப்கினை வீட்டில் நிற்கும் நாளில் போட்டுப் பார்த்து, நீளம் அகலம் பிடித்தால் மட்டும் மிச்சத்தை வெட்டுங்கள். அலுமாரியில் இருக்கும் பாம்பஸ் பக்கெட்டை இரவுக்கும் பயணத்துக்கும் வைத்திருங்கள்.