பதற்றத்தில் நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் ஏன்?

மன அழுத்தத்துக்கு உடல் தரும் பதில் இது. ஆபத்து என்று மூளை கணித்ததும், சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு நரம்பு வழியாகச் சில நொடிகளில் செய்தி போகிறது. அவை சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்க, இதயம் வேகமெடுக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ வேண்டிய நேரத்தில் செரிமானம் எதற்கு? அதனால்தான் உமிழ்நீர் குறைந்து வாய் உலர்கிறது.

அப்புறம் வருவது அதே சுரப்பிகளின் இன்னொரு ஹார்மோனான கார்டிசோல். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி, அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி என்று ஹார்மோன்கள் வழியாகக் கைமாற்றிக் கைமாற்றி வரும் உத்தரவால் சுரப்பது இது. உச்சத்தைத் தொடச் சுமார் 20, 30 நிமிடங்கள் ஆகும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, சிக்கல் நீடித்தால் தேவைப்படும் சக்தியைத் தருகிறது. முன்னது போன் அழைப்பு என்றால் இது தபால்.

கார்டிசோல் கெட்ட ஹார்மோன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காலையில் விழிக்கும்போது இயல்பாகவே அது கூடுகிறது, ரத்த அழுத்தம் சரியாக இருக்கவும் அது வேண்டும். வாரக்கணக்கில் இறங்காமல் இருந்தால்தான் தொல்லை.