மருமகனுக்கு வெர்மொன்டில் வேலை, மகளுக்கு?

கேள்வி: என் மருமகன் நியூயோர்க்கில் ஜே-1 விசாவில் வைத்திய மேற்பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருக்கிறார். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தின் வடக்கில் ஒரு சிறு நகரத்து வைத்தியசாலை அவரை வேலைக்கு அழைத்திருக்கிறது. அமைதியான மாநிலம், பிள்ளை வளர நல்ல இடம் என்கிறார். நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் கணக்காளராக வேலை செய்யும் என் மகளுக்கு மனமில்லை. அவளுக்குக் கார் ஓட்டவும் தெரியாது. நாலு வயதில் பேரன் இருக்கிறான். நாட்டுப்புற மாநிலத்தில் வாழ்வதன் நன்மை தீமைகள் என்ன? மகளுக்கு நான் என்ன சொல்வது?
– தாய் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அம்மா, நன்மை தீமைகளை எண்ணுவதற்கு முன், அவை வீட்டில் யார் தலையில் விழுகின்றன என்று பார்க்க வேண்டும். மருமகன் எந்த ஊருக்குச் சென்றாலும் அவருக்கு வேலையும் மதிப்பும் பேச்சுத்துணையும் வைத்தியசாலையிலேயே கிடைத்துவிடும். ஆகவே அந்த ஊர் குடும்பத்துக்கு உகந்ததா என்பதை உங்கள் மகள் அங்கே கழிக்கப்போகும் நாட்களைக் கொண்டே அளக்க வேண்டும்.

வெர்மொன்ட், நமது வட மாகாணத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்புடையது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் 6 இலட்சத்து 43 ஆயிரம் பேர் மட்டுமே. தலைநகர் மொன்ட்பீலியரில் எண்ணாயிரம் பேரளவிலும், மிகப் பெரிய நகரான பேர்ளிங்டனில் ஏறத்தாழ நாற்பத்தைந்தாயிரம் பேரும் இருக்கிறார்கள். சிறு நகரங்களில் பேருந்துச் சேவை மிகக் குறைவு என்பதால், கொழும்பின் காலி வீதியில் இறங்கியதும் பஸ்ஸைப் பிடிக்கிற பழக்கத்தில் வளர்ந்த ஒரு பெண், அங்கே கார் ஓட்டத் தெரியாமல் இருந்தால், பால் வாங்குவதற்கும் கணவரின் ஓய்வு நாளுக்காகக் காத்திருக்க நேரும். டிசம்பரில் மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சனவரி இரவுகளில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையையும் தாண்டும்.

இதைவிடப் பாரமான விடயம் விசா. ஜே-1 விசாவில் பயின்ற வைத்தியர், பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் வாழ வேண்டும் என்பது விதி. வைத்தியர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றச் சம்மதிப்போருக்கு அதிலிருந்து விலக்குக் கிடைக்கும். இதற்காக ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதன் சனத்தொகை எவ்வளவாயினும், ஆண்டுக்கு 30 இடங்கள் உண்டு. வேலை ஆரம்பித்ததும் மருமகன் எச்-1பி என்ற தொழில் விசா நிலைக்கும் மகள் அவரின் மனைவி என்ற முறையில் எச்-4 நிலைக்கும் மாறுவார்கள். ஜே-1 வைத்தியரின் மனைவி என்ற ஜே-2 நிலையில் மகளுக்கு இப்போது இருக்கும் வேலை அனுமதி அத்துடன் முடிந்துவிடும். நிரந்தர வதிவிடத்துக்கான ஐ-140 மனு மருமகனின் பெயரில் அங்கீகரிக்கப்பட்ட பின்னரே அவள் பொதுவாக மீண்டும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். மூன்று ஆண்டுகள் முடியுமுன், தக்க காரணமின்றி மருமகன் அந்த வேலையை விட்டால், சொந்த நாட்டுக்குத் திரும்பும் நிபந்தனை மறுபடியும் வந்து நிற்கும். ஆகவே, “போய்ப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பி வருவோம்” என்று எண்ணிப் புறப்படக்கூடிய பயணம் அல்ல இது.

இவ்வளவும் சொன்னதால் மருமகனின் விருப்பத்தை நான் தள்ளிவிடுவதாக எண்ண வேண்டாம். வெர்மொன்டில் பிள்ளை வளர்ப்பது உண்மையிலேயே நல்ல வாய்ப்பு. அரச பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசமாக வழங்கப்படுகின்றன. 2023இல் அது நிரந்தரச் சட்டமானது. பல ஊர்களில் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மக்கள் ஒரு மண்டபத்தில் கூடி ஊரின் வரவு செலவைத் தாங்களே விவாதித்து வாக்களிக்கிறார்கள். ஊர்ப்பற்று அந்தளவு ஆழமானது. தமது ஊருக்கு வந்து தங்கிய வைத்தியரின் குடும்பத்தை அத்தகைய மக்கள் விரைவில் அறிந்துகொள்வார்கள். ஆனால் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெள்ளையராக உள்ள மாநிலம் அது என்பதையும், அறிமுகம் வேறு, உறவு வேறு என்பதையும் மகள் தெரிந்துகொண்டு போக வேண்டும். செலவு குறையும் என்றும் நம்பவேண்டாம். வாடகை வீடு கிடைப்பதே அங்கே கடினம்.

சமையலுக்குப் பயமில்லை. பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்ட நேபாளி மொழி பேசும் மக்கள் 2008 முதல் பேர்ளிங்டனைச் சூழக் குடியேறியிருப்பதால் அரிசி, பருப்பு, மசாலாச் சரக்கு எல்லாம் அவர்களின் கடைகளில் கிடைக்கும். கோயிலுக்கும் நம்மவர்களுக்கும் மொன்றியல் இருக்கிறது. பேர்ளிங்டனிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர். முருகன் கோயிலும் பெருந்தொகையான இலங்கைத் தமிழரும் அங்கே உண்டு. ஆயினும் இலங்கைக் கடவுச்சீட்டுடன் எச்-1பி, எச்-4 நிலையில் இருப்போர் கனடா விசா எடுத்த பின்னரே எல்லையைக் கடக்கலாம். திருவிழாவுக்கு முதல்வாரம் நினைத்துக்கொண்டு புறப்பட முடியாது. குடியேறியதும் அந்த விசாவுக்கு விண்ணப்பிப்பது நல்லது.

என் கருத்து இது: மூன்று விடயங்கள் நிறைவேறுமானால் போகலாம். ஐ-140 மனுவை எப்போது தாக்கல் செய்வார்கள் என்பதை வைத்தியசாலை எழுத்தில் தர வேண்டும். மகள் குவீன்ஸில் இருக்கும்போதே சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று, வெர்மொன்டில் தனக்கென ஒரு காரும் வைத்திருக்க வேண்டும். பேர்ளிங்டனுக்கு நாளாந்தம் போய் வரக்கூடிய தொலைவில் வீடு அமைய வேண்டும். இவற்றில் முதலாவது மறுக்கப்பட்டால், மருமகன் வேறு இடம் தேடட்டும். பற்றாக்குறைப் பகுதிகள் கிராமங்களில் மட்டும் இல்லை. பெரிய நகரங்களின் வறிய பகுதிகளும் அப்பட்டியலில் அடங்கும், போட்டிதான் கூடுதலாக இருக்கும்.

மகளிடம், ஒப்பந்தத்தில் கணவர் கையெழுத்திடுமுன் தானும் ஒருமுறை அங்கே சென்று சில நாள் தங்கிவரச் சொல்லுங்கள். இலைகள் சிவந்து ஊரே அழகாக இருக்கும் ஒக்டோபரைத் தவிர்த்து, பனி உருகி மண் வீதிகள் சேறாகும் மார்ச் இறுதியில் போகட்டும். அந்த மாநிலத்தின் வீதிகளில் பாதிக்கு மேற்பட்டவை இன்னும் தார் போடப்படாதவை.