மெயினை அணைத்தாலும் சோலார் அணையாது: தீ விபத்து பற்றிக் கேள்வி பதில்

கே: சார், மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். தீப்பிடித்தால் மெயினை அணைத்தாலே போதும் என்கிறாரே போட்டுக் கொடுத்தவர்?

பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் நிற்கும், அது உண்மைதான். ஆனால் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனலை யாராலும் நிறுத்த முடியாது. ஒரு பேனல் 40, 50 வோல்ட்தான். ஆறு பேனலை வரிசையாகக் கோத்தால் 300 வோல்ட்டை நெருங்கிவிடும், அதுவும் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். மாடியிலிருந்து பிவிசி பைப்புக்குள் சுவரோரமாக இறங்குகிறதே சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர், அதில் பகல் முழுக்க இந்த அழுத்தம் இருக்கும். கீழே டிசி சுவிட்சை அணைத்தாலும் சுவிட்சுக்கு மேலே உள்ள ஒயரில் அந்த அழுத்தம் அப்படியே இருக்கும். வண்டி வந்து நின்றதும் தீயணைப்பு வீரர்களிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் விஷயம், "மேலே சோலார் இருக்கிறது, ஒயர் இந்தப் பக்கமாக இறங்குகிறது" என்பதுதான். தெருவில் நிற்பவருக்கு மாடியில் இருப்பது தெரியாது.

கே: தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமே?

பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் நிறுவனம் 2011-ல் இதையெல்லாம் சோதித்து அறிக்கை வெளியிட்டது. தார்ப்பாய் வழியாக வெளிச்சம் தெரிந்தால் அது உதவாது. கனமான கறுப்புத் துணி பலன் தரும், ஆனால் நனைந்து ஒயரில் பட்டால் அதிலேயே மின்சாரம் ஏறலாம். நுரை அடித்து மூடுவது பயனில்லை. எரிகிற மாடியில் தார்ப்பாயோடு ஆளை ஏற்றுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

கே: தண்ணீர் அடிக்கலாமா ஐயா? தீயணைப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன்.

அடிக்கலாம் தம்பி, தூரம்தான் முக்கியம். 1,000 வோல்ட் வரை, நேராகப் பாயும் தண்ணீரை 20 அடிக்குக் குறையாமல் தள்ளி நின்று அடியுங்கள். குறைந்தது 10 டிகிரிக்கு விரித்த பாய்ச்சல் என்றால் 5 அடி போதும். இவையும் அதே சோதனையில் கிடைத்த அளவுகள்தான். கடல் தண்ணீர் வேண்டாம். மாடியில் தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். நனைந்த பூட்ஸையும் கையுறையையும் நம்ப முடியாது. மூச்சுக்கருவி இல்லாமல் பேனல் எரியும் புகைக்குள் போகவே கூடாது.

கே: இரவில் பயமில்லைதானே?

நிலா வெளிச்சம் ஒன்றும் செய்யாது. ஆனால் தீயணைப்பு வண்டியின் பெரிய விளக்கும், பக்கத்தில் எரியும் தீயும் பேனலில் மின்சாரம் உண்டாக்கப் போதும். தொட்ட கையை விட முடியாத அளவுக்கு மின்சாரம் வந்ததைச் சோதனையிலேயே பார்த்தார்கள்.

கே: எங்களுடையது ஷீட் போட்ட மில். கூரை முழுக்கப் பேனல் போடலாமா?

வேண்டாம். 2013 செப்டம்பரில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் டெலான்கோவில் ஒரு இறைச்சிக் கிடங்கு எரிந்தது. கூரையில் 7,000-க்கும் மேற்பட்ட பேனல்கள். புகையை வெளியேற்றக் கூரையை வெட்டுவது அங்கே வழக்கம். மின்சார ஆபத்தால் ஆட்களை மேலே அனுப்ப முடியவில்லை. ஓரத்திலும் நடுவிலும் ஆள் நடக்க வழி விடுங்கள். அவசரத்தில் கூரையிலிருந்து வரும் ஒயரின் அழுத்தத்தைச் சட்டெனக் குறைக்கும் 'ரேபிட் ஷட்டவுன்' வசதியைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க மின் விதிகளில் 2014-லேயே வந்துவிட்டது. செலவு கூடும், கூடட்டும்.

கே: தீ அணைந்த பிறகு கருகிய பேனலை நாங்களே கழற்றலாமா?

கூடாது. உடைந்த பேனலும் வெயில் பட்டால் மின்சாரம் தரும். இரவில் அணைந்த இடத்தில் காலையில் ஷாக் அடிக்கலாம். சோலார் தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொன்றாகத் துண்டிக்கும்வரை மாடிக் கதவைப் பூட்டி வையுங்கள்.