பேட்ஜ் இருக்கு, தேதி இல்லை!

கேள்வி: பையன் சாரணர் படையில திருதிய சோபான்ங்கற மூணாம் படியை முடிச்சுட்டானுங்க. ராஜ்ய புரஸ்கார்ங்கற மாநில விருதுக்குப் பேர் அனுப்பறப்ப, ரெண்டாம் படியான துவிதிய சோபான் முடிச்ச தேதி பதிவுல இல்லைங்கறாங்க. என்ன பண்றதுங்க?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: சட்டையில் தைத்த பேட்ஜ் மட்டும் சான்றாகாதுங்க; தேதியும் கையொப்பமும் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்ச மாத இடைவெளி உண்டு, ஒரு தேதி விட்டுப்போனால் அடுத்த கணக்கெல்லாம் நின்றுவிடும். சாரண ஆசிரியரிடம் படைப் பதிவேட்டையும் முகாம் சான்றிதழையும் ஒத்துப்பார்க்கச் சொல்லுங்கள். நினைவிலிருந்து உத்தேசமாக எழுதவே கூடாது, பின்னால் மாட்டிக்கொள்வது பையன்தான். ஆசிரியர் மாறிப்போயிருந்தால் மாவட்டச் செயலாளரை அணுகுங்கள்.

இனிமேல், முடிச்சு போட்டுக் காட்டிய அன்றே, கயிறு கையில் இருக்கும்போதே கையொப்பம் வாங்கட்டும். முகாம் மழையில் இங்க் பேனா எழுத்து ஊறிப்போகும். பால்பாயின்டில் எழுதி, பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள்.